ஒரு நாட்டின் குப்பைக் கணக்கு எப்படி உருவாகிறது: எடை மேடையிலிருந்து தேசிய அறிக்கை வரை

"சென்ற ஆண்டு இந்த நாட்டில் இத்தனை கோடி டன் குப்பை சேர்ந்தது" என்று செய்தியில் ஒரு வரி வரும். அத்தனை குப்பையையும் யாரும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்ததில்லை. அந்த எண்ணில் ஒரு பகுதி எடை மேடையில் ஏறி இறங்கிய லாரிகளின் எடை. இன்னொரு பகுதி ஆலைகள் படிவத்தில் எழுதிக் கொடுத்தது. வேறொரு பகுதி சில நூறு வீடுகளில் அளந்ததை நாட்டின் மக்கள்தொகையால் பெருக்கியது. மிச்சம், விற்பனைக் கணக்கையும் இறக்குமதிக் கணக்கையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. இந்த நான்கின் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல. ஆனால் அறிக்கையில் எல்லாம் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் அச்சாகிவிடும்.

எரிஉலை கட்டலாமா, குப்பைக் கிடங்குக்கு எவ்வளவு நிலம் ஒதுக்குவது, மறுசுழற்சித் திட்டம் பலன் தந்ததா என்பதையெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எண் பிசகினால், தேவைக்குப் பெரிதாகக் கட்டிய உலை ஒரு ஊரில் பசித்துக் கிடக்கும், இன்னொரு ஊரில் கிடங்கு பாதி ஆண்டிலேயே நிரம்பி வழியும். அதனால் இந்தக் கணக்கு பிறக்கும் வழியைத் தொடக்கத்திலிருந்து படிப்படியாகப் பார்ப்போம். புள்ளியியல் துறையில் புதிதாகச் சேர்ந்தவருக்கும், உள்ளாட்சியில் படிவம் நிரப்புபவருக்கும், இந்த எண்களை வைத்து எழுதுகிறவருக்கும் இது பயன்படும்.

படி 1: எது குப்பை என்று முதலில் தீர்மானிப்பது

அளப்பதற்கு முன்பே பாதிக் கணக்கு இங்கே முடிவாகிவிடுகிறது. அபாயகரமான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்த 1989-இல் உருவான பாசல் உடன்படிக்கை, அகற்றப்பட்ட பொருள், அகற்ற நினைக்கிற பொருள், சட்டப்படி அகற்றியே ஆக வேண்டிய பொருள் ஆகிய மூன்றையும் கழிவு என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் இதே தொனியில், பொருளை வைத்திருப்பவர் அதைத் தூக்கி எறிகிறாரா, எறிய எண்ணுகிறாரா, எறியக் கடமைப்பட்டிருக்கிறாரா என்று பார்க்கிறது. அதாவது ஒரு பொருள் கழிவா இல்லையா என்பதை அதன் தன்மை மட்டும் முடிவு செய்வதில்லை. ஆலையில் மிஞ்சிய மரத்தூளை நேராகப் பலகை செய்ய விற்றால் அது துணைப்பொருள். அதையே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால் கழிவு.

அடுத்து, எந்த வட்டத்துக்குள் எண்ணுகிறோம் என்பது. நம் மனதில் குப்பை என்றால் வீட்டு வாசல் தொட்டிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020-இல் எல்லாத் துறைகளும் சேர்ந்து சுமார் 215 கோடி டன் கழிவு கணக்கில் வந்தது. அதில் கட்டுமானமும் இடிபாடும் 37.5 சதவீதம், சுரங்கமும் குவாரியும் 23.4 சதவீதம், வீடுகள் வெறும் 9.4 சதவீதம். ஆகவே "மொத்தக் கழிவு" என்று ஒருவரும் "நகராட்சிக் கழிவு" என்று இன்னொருவரும் சொல்லும்போது, இரண்டு பேரும் பேசுவது இரண்டு வேறு உலகங்களைப் பற்றி.

நகராட்சிக் கழிவு என்ற சொல்லுக்குள்ளேயே இன்னொரு குழப்பம் உண்டு. வீட்டுக் குப்பையோடு, அதே தன்மையுள்ள கடை, அலுவலகம், பள்ளி ஆகியவற்றின் குப்பையும் இதில் சேரும். சில நாடுகள் நகராட்சி வண்டி எடுத்ததை மட்டும் எண்ணுகின்றன. சில நாடுகள் யார் எடுத்தாலும் தன்மை ஒன்றாக இருந்தால் எண்ணுகின்றன. தனியார் ஒப்பந்தக்காரர் அள்ளும் கடைவீதிக் குப்பை முதல் வகை நாட்டில் கணக்கிலேயே வராது. இரண்டு நாடுகளின் தலைக்கு இத்தனை கிலோ என்ற எண்களை ஒப்பிடும் முன் இதைத்தான் முதலில் தேட வேண்டும். பெரும்பாலும் அட்டவணையின் அடிக்குறிப்பில் கிடைக்கும்.

இதோடு, "உருவான கழிவு" வேறு, "சேகரித்த கழிவு" வேறு. வண்டி போகாத தெருவில் குப்பை உருவாகாமல் இருப்பதில்லை. எரிகிறது, புதைகிறது, வாய்க்காலில் போகிறது. சேகரித்ததை மட்டும் எண்ணும் நாட்டில், சேவை விரிந்த ஆண்டில் குப்பை திடீரென்று பெருகியது போலத் தெரியும்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு

ஒருவர் "பிளாஸ்டிக்" என்று எழுத, இன்னொருவர் "பாலிதீன் உறை" என்றும் மூன்றாமவர் "இதர கழிவு" என்றும் எழுதினால் எதையும் கூட்ட முடியாது. அதற்குத்தான் குறியீட்டுப் பட்டியல். ஐரோப்பியக் கழிவுப் பட்டியலில் 20 அத்தியாயங்கள். ஒவ்வொரு கழிவுக்கும் ஆறு இலக்க எண். 15 01 02 என்றால் பிளாஸ்டிக் பொதிப்பொருள், 20 01 08 என்றால் சமையலறையிலும் உணவகத்திலும் சேரும் மக்கும் குப்பை, 20 03 01 என்றால் பிரிக்காத கலப்புக் குப்பை. எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அது அபாயகரமான கழிவு. காரீய பேட்டரியின் 16 06 01-க்கு அந்த நட்சத்திரம் உண்டு.

கழிவை என்ன செய்தார்கள் என்பதற்கும் தனிக் குறியீடு. பாசல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பில் 'டி' வரிசை அகற்றலுக்கு, 'ஆர்' வரிசை மீட்புக்கு, அதாவது கழிவிலிருந்து பயன் எடுப்பதற்கு. டி1 என்றால் நிலத்தில் கொட்டுவது, டி10 என்றால் கடலில் அல்லாமல் நிலப்பகுதியில் எரிப்பது, ஆர்1 என்றால் எரிபொருளாகப் பயன்படுத்துவது. ஒரே உலையில் ஒரே குப்பையை எரித்தாலும், டி10 என்று எழுதினால் அது அகற்றல். ஆர்1 என்று எழுதினால் மீட்பு. ஐரோப்பாவில் இதைப் பிரிக்க உலையின் ஆற்றல் திறனுக்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறார்கள். ஒரு குறியீடு மாறினால் போதும், அட்டவணையில் பல லட்சம் டன் இடம் மாறிவிடும்.

படி 3: யார், யாரிடம், எப்போது ஒப்படைக்க வேண்டும்

சட்டக் கட்டாயம் இல்லாமல் இந்தத் தகவல் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002-ஆம் ஆண்டின் 2150 எண் ஒழுங்குமுறை இதற்கு அடிப்படை. 2004-ஐ முதல் கணக்காண்டாகக் கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டுக்குத் தரவு அனுப்ப வேண்டும். கணக்காண்டு முடிந்து 18 மாதம் அவகாசம். பிரிட்டனில் உள்ளாட்சிகள் 2004 முதல் ஒரு பொது இணையத் தரவுத்தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பதிகின்றன. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், உள்ளாட்சி ஏப்ரல் 30-க்குள் ஆண்டறிக்கை தர வேண்டும் என்றும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஜூலை 31-க்குள் மத்திய வாரியத்துக்குத் தொகுத்து அனுப்ப வேண்டும் என்றும் தேதி குறித்தன.

இந்தத் தேதிகளைப் பார்த்தாலே ஒன்று புரியும். இன்று கையில் இருக்கும் தேசிய எண், குறைந்தது ஓராண்டோ இரண்டாண்டோ பழையது.

படி 4: எடை மேடை

இதுதான் எல்லாக் கணக்குக்கும் வேர். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குப்பை லாரி வளாகத்துக்குள் வந்து எடை மேடையில் ஏறி நிற்கிறது. திரையில் 14,260 கிலோ. உள்ளே போய்க் கொட்டிவிட்டுத் திரும்பும்போது மறுபடி ஏறுகிறது. இப்போது 8,940. கழித்தால் நிகர எடை 5,320 கிலோ. தேதி, நேரம், வண்டி எண், எந்தப் பகுதியிலிருந்து வந்தது, கழிவுக் குறியீடு, மூன்று எடைகள், இவ்வளவும் சீட்டில் அச்சாகி வருகின்றன. நாட்டின் பெரிய எண் இந்தச் சின்னச் சீட்டுகளின் கூட்டல்தான்.

பிழை நுழையும் இடமும் இதுவேதான். வெறும் வண்டி எடையை ஒவ்வொரு நடைக்கும் எடுக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை எடுத்ததையே கணினியில் போட்டு வைத்திருப்பார்கள். சக்கரத்துச் சேறும் டாங்கில் நிரம்பிய டீசலும் அப்போது குப்பைக் கணக்கில் ஏறிவிடும். ஒரு நடைக்கு 100 கிலோ பிசகினால், நாளைக்கு 60 நடை வரும் கிடங்கில் ஆண்டுக்கு 2,190 டன் ஆகிவிடுகிறது. ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் பணம் கொடுக்கிற இடங்களில் குப்பைக்குள் மண்ணும் கல்லும் சேர்ந்து வரவும் இடமுண்டு. மழைக்காலத்தில் குப்பை நனைந்து கனக்கும். அதைத் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடும்போது நினைவில் இருக்க வேண்டும்.

எடை மேடையே இல்லாத கிடங்குகளில் நடைக்கணக்குதான். "இந்த லாரி 10 கன மீட்டர், இன்று 12 நடை" என்று எழுதி, ஓர் அடர்த்தி எண்ணால் பெருக்குவார்கள். தளர்வாகக் கொட்டிய குப்பை ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ இருக்கலாம்; அழுத்தி ஏற்றும் வண்டியில் அதே இடத்தில் 450 கிலோ இருக்கலாம். எல்லா வண்டிக்கும் ஒரே அடர்த்தியைப் போட்டால் விடை இரண்டு மடங்கு கூட விலகும். லாரி எப்போதும் முழுசாக நிரம்பி வருகிறது என்ற அனுமானமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

கிடங்கு ஒன்றின் தரவை வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: மேடை சரியாக எடை காட்டுகிறதா என்று சோதித்து சென்ற ஆண்டு முத்திரை வைத்தார்களா, வெறும் வண்டி எடையை எப்போது எடுக்கிறார்கள், மேடை பழுதான நாட்களில் என்ன எழுதினார்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில், அந்தத் தரவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடும்.

படி 5: கழிவோடு பயணிக்கும் சீட்டு

ஆலைக் கழிவுக்கும் அபாயகரமான கழிவுக்கும் எடை மட்டும் போதாது. எங்கே பிறந்து, யார் ஏற்றி, எங்கே போய் முடிந்தது என்ற தடம் வேண்டும். ஜப்பானில் ஆலைக் கழிவோடு ஒரு மானிஃபெஸ்ட் சீட்டு போகும். காகித வடிவில் அது ஏழு பிரதிகள் கொண்டது. ஏற்றிச் சென்றதும் ஒன்று, பதப்படுத்தியதும் ஒன்று, இறுதி அகற்றல் முடிந்ததும் ஒன்று என்று ஆலைக்கே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் விசாரிக்கும் பொறுப்பு ஆலையுடையது. அமெரிக்கா 2018 ஜூனில் அபாயகரமான கழிவுக்கு மின்னணுச் சீட்டு முறையைத் தொடங்கியது. அதோடு, பெரிய அளவில் அபாயகரமான கழிவு உண்டாக்குகிறவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை தனி அறிக்கையும் தருகிறார்கள்.

புள்ளியியல்காரருக்கு இந்தச் சீட்டுதான் தங்கம். அனுப்பியவர் எழுதிய எடையும் பெற்றவர் எழுதிய எடையும் ஒரே ஆவணத்தில் எதிரெதிரே நிற்கும். இரண்டும் பொருந்தாத இடத்தில் விசாரணையைத் தொடங்கலாம்.

படி 6: எடை மேடைக்கு வராததை அளப்பது

வீட்டில் உண்மையில் எவ்வளவு சேர்கிறது என்று தெரிய வீட்டுக்கே போக வேண்டும். ஐ.நா. ஹேபிடேட் அமைப்பின் நகரக் கழிவு அளவீட்டு முறையில், வசதி உள்ளவர், நடுத்தரம், வசதி குறைந்தவர் என்று மூன்று வருமானப் பிரிவுகளிலும் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, எட்டு நாள் தொடர்ந்து குப்பையை வாங்கி நிறுக்கிறார்கள். முதல் நாள் எடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதில் முந்தைய நாட்களின் குப்பை கலந்திருக்கும். இந்த ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும்: அளக்கிறவர் மனிதர்களின் பழக்கத்தை அறிந்து வைத்திருக்கிறார்.

அடுத்தது கலவை ஆய்வு. குப்பையில் எத்தனை பங்கு மக்குவது, எத்தனை பங்கு காகிதம், எத்தனை பங்கு பிளாஸ்டிக் என்பது. லாரி லோடு முழுவதையும் பிரிக்க முடியாது. தார்ப்பாயில் கொட்டி, நன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பகுப்பார்கள். எதிரெதிர் இரண்டு கால்பங்குகளை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட்டு, மறுபடி கலந்து மறுபடி பகுப்பார்கள். 91 முதல் 136 கிலோ வரை உள்ள மாதிரி கிடைத்ததும் கையால் பிரிப்பது. இந்த அளவு, பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரமுறை ஒன்றில் உள்ளது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்று செய்யும் இந்த வேலையைச் செய்கிறவர்களின் உழைப்பில்தான் "மக்கும் குப்பை இத்தனை சதவீதம்" என்ற வரி நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. கலப்புக் குப்பையில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து நிறுத்தால், அதில் ஒட்டிய சாம்பார் ஈரமும் அழுக்கும் சேர்ந்தே நிறுக்கப்படும். காகிதம் பக்கத்துக் குப்பையின் ஈரத்தைக் குடித்துக் கனத்திருக்கும். ஈர எடையா உலர் எடையா என்று அறிக்கை சொல்லாவிட்டால் அந்தச் சதவீதத்தை இன்னோர் ஊரோடு ஒப்பிடாதீர்கள். ஒரே பருவத்தில் மட்டும் செய்த ஆய்வும் ஆண்டு முழுமைக்கும் பேசாது.

படி 7: கணக்குப் போட்டு நிரப்புவது

அளந்தது பாதிதான் என்றால் மிச்சத்தை மதிப்பிட வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நகராட்சிக் கழிவுக்குப் பொருளோட்ட முறையைப் பின்பற்றியிருக்கிறது. உள்நாட்டில் தயாரானது, அதோடு இறக்குமதி, கழித்தல் ஏற்றுமதி. அப்புறம் ஒவ்வொரு பொருளும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று பார்த்து, எந்த ஆண்டில் குப்பையாகும் என்று கணிப்பது. இந்த வழியில் 2018-க்கு அது சொன்ன எண் 29.24 கோடி டன். இங்கே "டன்" அமெரிக்கச் சிறிய டன், 907 கிலோ. மெட்ரிக் அளவில் சுமார் 26.5 கோடி. அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மின்னணுக் கழிவும் இப்படித்தான். எத்தனை தொலைக்காட்சிகள், கைபேசிகள் விற்றன, அவை எத்தனை ஆண்டில் மூலைக்குப் போகும் என்பதிலிருந்து கணக்கிடுகிறார்கள். உலக மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கை 2022-க்கு 6.2 கோடி டன் என்றது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்கு ஆவணம் உள்ளது 22.3 சதவீதம் மட்டும்.

மிக எளிய முறை, தலைக்கு இத்தனை கிலோ என்று ஓர் எண்ணை வைத்து மக்கள்தொகையால் பெருக்குவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்து ஆண்டுக்கு முன் அளந்த எண்ணையே வைத்துக்கொண்டிருந்தால், மக்கள்தொகை எந்த வேகத்தில் ஏறுகிறதோ அதே வேகத்தில் குப்பையும் ஏறும். பிளாஸ்டிக் உறைக்குத் தடை போட்டாலும், வீடுதோறும் உரக்குழி வெட்டினாலும், அந்த வரைபடம் அசையாது. குப்பை கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்கு அந்த எண் பதிலே சொல்லவில்லை. மக்கள் கூடினார்கள் என்பதை மட்டும் வேறு மொழியில் சொல்கிறது. நேர்க்கோட்டில் ஏறும் குப்பை வரைபடத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

படி 8: ஒரே குப்பையை இரண்டு முறை எண்ணாமல் இருப்பது

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டன் குப்பை பிரிப்பு மையத்துக்கு வருகிறது. அதில் 30 டன் மறுசுழற்சிக்கும், 50 டன் எரிஉலைக்கும், 20 டன் கிடங்குக்கும் போகிறது. உலையில் எரிந்தபின் 12 டன் சாம்பல் மிஞ்சி அதுவும் கிடங்குக்குப் போகிறது. ஒவ்வொரு வாசலிலும் பதிந்த எடையை அப்படியே கூட்டினால் 100, 30, 50, 20, 12. மொத்தம் 212 டன். உண்மையில் உருவானது 100. அதனால்தான் கழிவைப் பதப்படுத்தும்போது உண்டாகும் இரண்டாம் நிலைக் கழிவைத் தனி வரியில் காட்ட வேண்டும். உருவானது ஒருபுறமும், பதப்படுத்தியது, ஏற்றுமதி, இருப்பில் உள்ளது, ஆவியாகிக் குறைந்தது மறுபுறமுமாக வைத்து ஐந்தொகை போலச் சரிபார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிழை, எண்ணவே எண்ணாமல் விடுவது. வண்டி வருவதற்கு முன்பே அட்டையையும் பாட்டிலையும் இரும்பையும் பொறுக்கி எடுத்துப் பழைய பொருள் கடையில் போடுகிறவர்கள் எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது எடை மேடைக்கு வருவதில்லை. அதனால் உருவான கழிவும் குறைவாகத் தெரியும், மறுசுழற்சியும் குறைவாகத் தெரியும். பழைய பொருள் வாங்கும் இடங்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினால் இதைப் பெருமளவு பிடித்துவிடலாம். ஒரு நகரத்தின் மறுசுழற்சியில் பெரும் பங்கைச் செய்துவிட்டு, கணக்கில் பூஜ்யமாக நிற்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

படி 9: மறுசுழற்சி விகிதம்: எந்த வாசலில் நின்று எண்ணினோம்

100 டன்னில் 40 டன்னைத் தனியாகச் சேகரித்தோம். பிரித்தபோது அதில் 8 டன் அழுக்கும் தவறான பொருளும். மறுசுழற்சி ஆலைக்குள் போனது 32. விகிதம் 40 சதவீதமா, 32 சதவீதமா? பல ஆண்டுகள் பல நாடுகள் முதல் எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் கணக்கிடும் புள்ளியை மாற்றி, மறுசுழற்சிச் செயல்பாட்டுக்குள் நுழையும் எடையையே எண்ண வேண்டும் என்றது. நகராட்சிக் கழிவில் 2025-க்குள் 55, 2030-க்குள் 60, 2035-க்குள் 65 சதவீதம் என்ற இலக்குகள் இந்தக் கடுமையான அளவுகோலில்தான். விதி மாறும்போது ஒரு நாட்டின் விகிதம் இறங்கினால், அங்கே மக்கள் பிரித்துப் போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

படி 10: சரிபார்த்தல்

இது பொறுமையான மேசை வேலை. ஒரு நகராட்சியின் எண் சென்ற ஆண்டைவிட ஆயிரம் மடங்கு என்றால், கிலோவை டன் கட்டத்தில் எழுதிவிட்டார்கள். மூன்று ஆண்டாகக் கடைசி இலக்கம்வரை ஒரே எண் என்றால், பழைய படிவத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 4 கிலோ என்று வந்தால் கட்டட இடிபாடு உள்ளே கலந்திருக்கலாம், அல்லது அது சுற்றுலா ஊராக இருக்கலாம். எதையும் நேராகத் திருத்திவிடாமல், தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பதே நல்ல முறை.

பதிலே அனுப்பாதவர்களை என்ன செய்வது? வெறுமையாக விட்டால் கணினி பூஜ்யம் என்று கூட்டிவிடும். அதே அளவுள்ள ஊர்களின் சராசரியைப் போட்டு நிரப்பலாம், ஆனால் எத்தனை சதவீதம் அப்படி நிரப்பியது என்று அறிக்கையில் சொல்ல வேண்டும்.

படி 11: வெளியிடுவது, உலகத்துக்கு அனுப்புவது

தேசிய அறிக்கை வெளிவந்ததும் அதே தரவு வேறு வேறு உருவங்களில் வெளியே போகிறது. ஐ.நா. புள்ளியியல் பிரிவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை நாடுகளுக்கு வினாப்படிவம் அனுப்புகின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யும் யூரோஸ்டாட்டும் தங்கள் உறுப்பு நாடுகளுக்குக் கூட்டுப் படிவம் வைத்திருக்கின்றன. நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11.6.1 நகரக் குப்பைச் சேகரிப்பையும், 12.5.1 தேசிய மறுசுழற்சி விகிதத்தையும் கேட்கின்றன. உலக வங்கி 2018-இல் வெளியிட்ட தொகுப்பில் 2016-இன் உலக நகராட்சிக் கழிவு 201 கோடி டன் என்று வந்தது. நாட்டுக்கு நாடு வெவ்வேறு ஆண்டின் தரவை எடுத்து, ஒரே ஆண்டுக்குச் சமப்படுத்திக் கூட்டிய எண் அது.

அறிக்கை எழுதுகிறவர் எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டியவை: வரையறை, எடை மேடையில் அளந்த பங்கு எவ்வளவு, மதிப்பிட்ட பங்கு எவ்வளவு, பதில் அனுப்பாதவர் எத்தனை பேர், சென்ற ஆண்டிலிருந்து முறை மாறியதா. ஐரோப்பிய ஒழுங்குமுறை இதைத் தரவோடு வரும் தர அறிக்கையாகவே கட்டாயமாக்கியிருக்கிறது. முறை மாறிய ஆண்டில் வரைபடக் கோட்டைத் தொடர்ந்து இழுக்காமல் வெட்டிக் காட்ட வேண்டும். முடிந்தால் பழைய ஆண்டுகளையும் புதிய முறையில் திரும்பக் கணக்கிட்டு, பழைய எண்ணையும் பக்கத்திலேயே விட்டு வைக்க வேண்டும். அப்போதுதான் ஐந்து ஆண்டு கழித்து அந்த அட்டவணையைத் திறக்கும் ஒருவர், குப்பை மாறியதா, குப்பையை எண்ணும் விதம் மாறியதா என்று பிரித்துப் பார்க்க முடியும்.